பேஸ் கிட்டாருக்கு எந்த பிக்? தடிமனுக்கு முன் விளிம்பைப் பாருங்கள்

பேஸுக்கு பிக் (தந்தியை அடிக்கும் சின்னத் தகடு) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மில்லிமீட்டர்?" என்றுதான். நானும் பல வருடம் அதையேதான் கேட்டேன். 0.73, 0.88, 1.0 என்று எண்ணை மட்டும் பார்த்து வாங்கிச் சேர்த்து, ஒரு டப்பா நிறைந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஒரே எண் அச்சிட்ட இரண்டு பிக், ஒரே பேஸில், ஒரே கையில், இரண்டு வேறு கருவிகளைப் போலக் கேட்கிறது. என் அனுபவத்தில் பேஸுக்கு முதல் கேள்வி, விளிம்பு எவ்வளவு உருண்டையாக இருக்கிறது என்பது. இரண்டாவது, பிக் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பது. தடிமன் அந்த இரண்டாவது கேள்விக்கே பாதி பதில்தான்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு ஒலிப்பதிவு. அன்று பிக்கை மறந்துவிட்டுப் போயிருந்தேன். கூட வாசித்த கிட்டார்காரரிடம் ஒன்றை வாங்கி வாசித்தேன். 0.60, ஆரஞ்சு நிறம். அறையில் ட்ரம்ஸ் சத்தத்தோடு கேட்டபோது ஒரு குறையும் தெரியவில்லை. பேஸை மட்டும் தனியாக ஹெட்போனில் போட்டுக் கேட்டபோது மனசு விட்டுப்போனது. ஒவ்வொரு நோட்டுக்கும் முன்னால் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகுதான் நோட்டு, அதுவும் மெலிந்துபோய். பிக் தந்தியைத் தொட்டதும் வளைகிறது, வளைந்து நின்று, பிறகு விடுபட்டுத் திரும்பி அடிக்கிறது. தாளத்துக்குச் சரியாகத்தான் கை போனது. சத்தம்தான் ஒரு இம்மி பின்தங்கி வந்தது. ஈக்யூவில் (ஒலியின் மேல், கீழ் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மேல் பக்கத்தைக் குறைத்தால் "டிக்" அடங்கியது, ஆனால் நோட்டின் கனம் திரும்பி வரவில்லை. ஏனென்றால் அந்தக் கனம் தந்திக்குள் போகவே இல்லை.

கிட்டாருக்கு நன்றாக இருக்கும் பிக் பேஸில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு ஒரே ஒரு அளவைச் சொன்னால் போதும். சாதாரண மின்கிட்டார் செட்டில் மிகத் தடித்த தந்தி 0.046 அங்குலம். சாதாரண நான்கு தந்தி பேஸ் செட்டில் மிக மெல்லிய ஜி தந்தி 0.045 அங்குலம். கிட்டார் முடியும் இடத்தில்தான் பேஸ் தொடங்குகிறது. கீழே ஈ தந்திக்கு வந்தால் 0.105 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.7 மி.மீ. அதன் இழுவிசையும் கிட்டார் தந்தியைப் போல இரண்டு மடங்குக்கு அருகில் இருக்கும். ஐந்து தந்தி பேஸின் பி தந்தி 0.130 வரை போகிறது. இதை அசைக்க வேண்டியது விரல்நுனி அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு.

அந்தத் துண்டின் விறைப்பு தடிமனோடு நேராக ஏறுவதில்லை. ஒரே பொருளில் செய்த தகட்டின் தடிமனை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். தடிமனின் மும்மடிக்கு ஏற்ப அது கூடுகிறது. ஆகவே 0.50-க்கும் 1.0-க்கும் நடுவில் எட்டு மடங்கு வித்தியாசம். 0.73-இலிருந்து 1.0-க்குப் போனால் இரண்டரை மடங்கு. கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கையில் அது வேறு பொருள். அதே நேரம் 1.14-இலிருந்து 1.5-க்குப் போகும்போதும் கணக்குப்படி விறைப்பு இரட்டிப்புக்கு மேல் ஏறத்தான் செய்கிறது, ஆனால் காதுக்கு அவ்வளவு வேறுபாடு தெரிவதில்லை. பிக் ஏற்கெனவே வளையாத நிலைக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் ஒலியை முடிவு செய்வது விளிம்பு மட்டும்தான்.

என் கணிப்பில் பேஸுக்கு 0.73 கீழ் வரம்பு. அதற்கும் கீழே போனால் தந்தி பிக்கை ஆட்டுகிறது, பிக் தந்தியை ஆட்டுவதில்லை. 0.88 முதல் 1.14 வரைதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும் இடம். இலேசான வளைவு இருப்பதால் மணிக்கட்டு சோர்வதில்லை, நோட்டும் முழுதாக வருகிறது.

விளிம்புக்கு வருவோம், சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

தந்தியைக் கூர்மையான, குறுகிய முனையால் விடுவித்தால் அதில் மேல் ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வோடு சேர்ந்து எழும் உயர்ந்த அதிர்வுகள்) நிறையப் பிறக்கும். அகலமான, உருண்ட, மென்மையான ஒன்றால் விடுவித்தால் மேலே உள்ளவை மங்கி, அடிப்படை அதிர்வு மேலோங்கும். விரல் சதை அகலம், அதனால் உருண்டை ஒலி. கூர்மையான பிக் குறுகல், அதனால் பளீரென்ற ஒலி. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் பிக் தேர்வு. பளீரென்று இருப்பதைத் தவறு என்று நினைக்க வேண்டாம். திறந்த ஈ தந்தியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். கைபேசியின் ஸ்பீக்கரில் அது வரவே வராது. அங்கே பேஸ் கேட்கிறது என்றால் மேல் ஹார்மோனிக்குகள் வழியாகத்தான் கேட்கிறது. விரலில் வாசித்த வரிசை சின்ன ஸ்பீக்கரில் காணாமல் போவதும், அதையே பிக்கில் வாசித்தால் தெளிவாக நிற்பதும் இதனால்தான்.

சாதாரண பிக் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு கூர்முனை, மேலே இரண்டு வளைந்த தோள்கள். கூர்முனையால் ஒரு நோட்டு அடித்துவிட்டு, பிக்கைத் திருப்பித் தோளால் அதே நோட்டை அடியுங்கள். முதலாவதில் "டக்" என்று ஒரு எலும்புச் சத்தம் முன்னால் நிற்கும். இரண்டாவதில் அந்த எலும்பு தெரியாது. நோட்டு "தும்" என்று தடித்து வரும். செலவே இல்லாமல் கிடைக்கும் இரண்டாவது பிக் இது. பல வருடம் தோளால் மட்டுமே வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். புதிதாக பிக் பழகுகிறவர் யாராக இருந்தாலும் நான் முதலில் சொல்வது: வேறு வாங்குவதற்கு முன் இருப்பதைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள்.

பிடிக்கும் கோணமும் இதில் சேரும். பிக்கின் தட்டைப் பக்கம் தந்திக்கு இணையாக இருந்தால் அடி நேராக, சுத்தமாக விழும். கொஞ்சம் சாய்த்தால் பிக் வழுக்கிக்கொண்டு போகும்; ஒலி மென்மையாகும், கை வேகமாகும். ஆனால் ரவுண்ட்வவுண்ட் தந்தியில் (உருண்டைக் கம்பி சுற்றியது) சாய்த்துப் பிடித்தால் சுற்றுக் கம்பியின் வரிகளில் பிக் உரசி "சர்" என்று ஒரு அரம் ஓடும் சத்தம் வரும். ராக்கில் சிலர் அதைத்தான் விரும்புகிறார்கள். மெதுவான பாட்டில் அது கரிக்கும்.

யெஸ் குழுவின் பேஸ் கலைஞர் கிறிஸ் ஸ்குவையர் இந்தச் சிக்கலைத் தன் வழியில் தீர்த்தார். பிக்கின் நுனியை மிகக் கொஞ்சமாக வெளியே விட்டு, அடிக்கும்போது பெருவிரல் சதையும் தந்தியில் படும்படி வாசித்தார். பிக்கின் பளீரும், ஓசையை அடக்கும் சதையின் அடைப்பும் ஒரே அடியில். கரோல் கே 1963 வாக்கில் பேஸ் பக்கம் வந்து, அடுத்த பத்தாண்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் ஏராளமான பதிவுகளில் வாசித்தவர். அவர் கையில் பிக், பிரிட்ஜ் (தந்திகள் பேஸின் உடலில் அமரும் பாலம்) அருகே தந்திகளின் மேல் ஒரு ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) துண்டு. அடி கூர்மையாக விழும், ஓசை நீளாமல் உடனே அடங்கும். விரலில் வாசிக்க வராதவர்கள்தான் பிக் எடுப்பார்கள் என்ற பேச்சை இன்னமும் கேட்கிறேன். இவர்கள் வாசித்ததைக் காது கொடுத்துக் கேட்டவர் அப்படிச் சொல்ல முடியாது. பால் மெக்கார்ட்னியும் பிக்தான். விரலுக்குப் பேர்போன பேஸ் கலைஞர் ஆந்தணி ஜாக்சன்கூட 1970-களில் பிக்கோடு பதிவு செய்தவர்.

இனி பொருட்கள்.

டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில்தான் என் கை நின்றது. டன்லப் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த டார்டெக்ஸ் இந்த வகை. நிறத்தைப் பார்த்தாலே தடிமன் தெரியும்: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. மேற்பரப்பு வழவழப்பாக இல்லாமல் மாவு பூசியது போல இருக்கும், அதனால் வியர்த்த விரலிலும் ஓரளவு நிற்கும். ஒலி நடுத்தரம், மேலே கூச்சலும் இல்லை, மந்தமும் இல்லை. குறை தேய்மானம். ரவுண்ட்வவுண்ட் தந்தி ஒரு அரம்தான். ஒரு நாள் ஒத்திகை முடிந்து பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை வாங்கும் காந்தப் பகுதி) மேல் பார்த்தால் பிக்கின் நிறத்திலேயே மெல்லிய தூள் படிந்திருக்கும். ஒரு மாதம் கழித்து நுனியைப் பார்த்தால் ஒரு பக்கம் உளியால் சீவியது போலச் சரிந்திருக்கும். அந்தச் சரிவு உங்கள் கை எந்தக் கோணத்தில் போகிறது என்பதைக் காட்டும் நல்ல பதிவு, தூக்கி எறியும் முன் ஒரு முறை கவனியுங்கள்.

அல்டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் அதைவிட விறைப்பு, அதைவிட உறுதி. மாதக்கணக்கில் முனை அப்படியே இருக்கும். பளீர் ஒலியும் அதற்கேற்ப அதிகம். டிஸ்டார்ஷன் கிட்டார் இரண்டு பக்கமும் சுவர்போல நிற்கும் இசையில் பேஸ் அதைத் துளைத்து வெளியே வர வேண்டுமென்றால் இதை எடுப்பேன். அமைதியான பாட்டில் எடுக்க மாட்டேன். கையில் வழுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நைலானில்தான் எண் மிகவும் ஏமாற்றும். 1.0 நைலானும் 1.0 டெல்ரினும் பக்கத்தில் வைத்து வளைத்துப் பாருங்கள். நைலான் எளிதாக வளையும். ஈரத்தை உறிஞ்சும் குணமும் அதற்கு உண்டு, வியர்வையில் நீண்ட நேரம் இருந்தால் இன்னும் தளரும். ஆனால் பிடிமானத்துக்கு அதன் மேல் வார்த்திருக்கும் புடைப்பு வரிகளைப் போல வேறெதுவும் இல்லை. ஒலி இதமானது, "டிக்" குறைவு. டெல்ரினில் 0.88 பிடித்திருந்தால் நைலானில் 1.0 அல்லது அதற்கு மேல் பாருங்கள். ஜாஸ் த்ரீ எனப்படும் சின்ன, கூர்மையான 1.38 நைலான் பிக்கை வேகத்துக்காகப் பேஸில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒத்துவரவில்லை. தடித்த தந்தி ஒவ்வொரு முறையும் பிக்கைத் திருகப் பார்க்கிறது. பிடிக்க இடம் போதவில்லை.

செல்லுலாய்டு பழைய பொருள். அதற்கு முன் பிக் என்றால் அழுங்காமையின் ஓடு. 1922-இல் நியூயார்க்கில் டி'ஆண்ட்ரியா என்பவர் செல்லுலாய்டில் வெட்டி விற்கத் தொடங்கிய பிறகு அது பரவியது. ஆமை ஓட்டின் பன்னாட்டு வணிகத்துக்கு 1970-களில் அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ் தடையும் வந்தது. பேஸில் செல்லுலாய்டு ஹெவி, எக்ஸ்ட்ரா ஹெவி வகைகள் கொடுக்கும் அடி கொஞ்சம் உருண்டது, தந்தியில் நன்றாக வழுக்கி வெளியேறும். ஃபிளாட்வவுண்ட் தந்தியோடு (தட்டைக் கம்பி சுற்றியது) அருமையாக இருக்கும். ரவுண்ட்வவுண்டில் சீக்கிரம் தேயும், வியர்த்த கையில் நழுவும்.

ஃபெல்ட், ரப்பர், தோல் மூன்றும் ஒரே தேவைக்காகத் தேடப்படுபவை: பிக் பிடித்த கையோடு விரல் ஒலி வேண்டும். ஃபெல்ட் பிக் மூன்று மி.மீ. அளவுக்குத் தடித்த கம்பளித் துண்டு. அடியின் முன்னால் வரும் சத்தம் முழுக்கப் போய்விடும், நோட்டு மட்டும் நிற்கும். ஆனால் ரவுண்ட்வவுண்ட் தந்தி அதைப் பிய்த்துவிடும். தந்திகளுக்குக் கீழே பஞ்சுத் துணுக்குகள் சேர்வதை நீங்களே பார்ப்பீர்கள். ஒலி அளவும் குறையும், ஆம்ப்பைக் கொஞ்சம் ஏற்ற வேண்டிவரும். ரப்பர் நீடித்து உழைக்கும், ஆனால் தந்தியைப் பிடித்துக்கொள்ளும். நிதானமான பாட்டில் அந்தப் பிடிப்பு சுகம். எட்டாம் நோட்டுகள் வேகமாக ஓடும்போது மேல்நோக்கிய அடி தடுக்கும். தோல் இரண்டுக்கும் நடுவில், வாசிக்க வாசிக்க மென்மையாகும். உலோக பிக்கை விட்டுவிடலாம். தந்தியின் சுற்றைச் சுரண்டும், பேஸுக்கு வேண்டிய ஒன்றையும் அது கூடுதலாகத் தருவதில்லை.

ஃபெல்ட் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதற்கு முன், வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜ் மேல் இலேசாக வைத்து, தோள் பக்கத்தால் வாசித்துப் பாருங்கள். அல்லது பிரிட்ஜ் அருகே தந்திகளுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டைச் செருகுங்கள். தேடிய ஒலி பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். பழைய சோல் பாட்டுகளில் கேட்கும் அந்தக் குட்டையான, குண்டான ஒலி மென்மையான பிக்கால் வந்தது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கெட்டியான பிக், ஃபிளாட்வவுண்ட் தந்தி, அடைப்பு, இந்த மூன்றும் சேர்ந்தாலே அந்த ஒலி வந்துவிடுகிறது என்று கையால் செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. 346 என்ற எண்ணில் வரும் பெரிய முக்கோணமா, 351 என்ற வழக்கமான வடிவமா என்றால், பேஸுக்கு என் வாக்கு முக்கோணத்துக்கு. பிடிக்க இடம் அதிகம், தந்தியின் இழுப்பில் திரும்புவதில்லை, மூன்று மூலைகளும் ஒரே மாதிரி என்பதால் ஒன்று தேய்ந்தால் அடுத்ததற்குத் திருப்பிக்கொள்ளலாம். மூலைகளும் இயல்பாகவே சற்று உருண்டவை. கை சிறிதாக இருப்பவர்களுக்கு மட்டும் 351 இலகுவாக இருக்கும்.

சரி, எதை எப்போது? தொடர்ந்து டவுன் ஸ்ட்ரோக்கில் (கீழ்நோக்கிய அடியில்) ஓட்டும் ராக், பங்க் என்றால் டெல்ரின் 1.0 முக்கோணம். கீழே பி தந்தி இருந்தால் 1.14, அல்லது அல்டெக்ஸ். ஃபிளாட்வவுண்ட் போட்ட பேஸ் என்றால் செல்லுலாய்டு எக்ஸ்ட்ரா ஹெவி, தோள் பக்கத்தால். அகௌஸ்டிக் கிட்டாரும் குரலும் மட்டும் உள்ள மெதுவான பாட்டு என்றால் நைலான், இல்லையெனில் பிக்கைக் கீழே வைத்துவிட்டுப் பெருவிரல். விரலிலிருந்து பிக்குக்கு இப்போதுதான் மாறுகிறீர்கள் என்றால் 0.88-இல் தொடங்குங்கள். அதன் சின்ன வளைவு, அடி ஆழமாகப் போய்விட்டாலும் மன்னிக்கும். 1.5 மன்னிக்காது, தந்தியில் மாட்டி நிற்கும்.

எந்த முடிவானாலும் ஒலிப்பதிவு செய்து கேட்காமல் எடுக்காதீர்கள். வாசிக்கும்போது கையில் உணர்வதும் வெளியே கேட்பதும் வேறு வேறு. நான் செய்வது இது: எட்டு பார் நீளமுள்ள ஒரே வரிசை, நான்கு தந்திகளையும் தொடுவது போல. ஆம்ப்பிலும் ஈக்யூவிலும் எதையும் தொடாமல், வலது கை இடம் மாறாமல், ஒவ்வொரு பிக்கிலும் ஒரு முறை. கை நெக் பக்கம் இரண்டு அங்குலம் நகர்ந்தாலே பிக் மாற்றத்தைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடும், அதனால் இதில் கவனம் வேண்டும். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் எந்த பிக் என்று வாயால் சொல்லிவிடுவேன். முன்னால் சொல்வதில்லை. மறுநாள் வரிசை மாற்றிக் கேட்டு, பிடித்ததை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு பெயரைக் கேட்பேன். ஹெட்போனில் ஒரு முறை, கைபேசி ஸ்பீக்கரில் ஒரு முறை. விலை கூடிய பிக் ஒன்று இந்தச் சோதனையில் இரண்டு தடவையும் கடைசியில் நின்றது. டப்பாவில் கிடந்த தேய்ந்த நீல நிறம் முதலில் வந்தது.

அந்த நீல நிறத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் இப்போது நான் செய்யும் வேலை தோன்றியது. அது முக்கோணம். ஒரு மூலை தொடப்படாமல் கூராக இருந்தது, இன்னொன்று பாதி தேய்ந்து உருண்டிருந்தது. மூன்றாவதை நகம் தேய்க்கும் அரத்தால் நானே நன்றாக உருட்டி, கடைசியில் ஜீன்ஸ் துணியில் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்து வழவழப்பாக்கினேன். அரம் விட்ட கீறல்கள் இருந்தால் தந்தியில் உரசும் சத்தம் வரும், ஆகவே அந்தத் தேய்ப்பைத் தவிர்க்கக் கூடாது. இப்போது புது முக்கோணம் எதை வாங்கினாலும் இதே கணக்குதான்: ஒரு மூலை கம்பெனி கொடுத்தபடி, ஒன்று கொஞ்சம் உருட்டி, ஒன்று விரல்நுனி போல. பல்லவியில் உருண்ட மூலை. சரணம் முடிந்து ட்ரம்ஸ் ஏறும் இடத்தில் பெருவிரலால் ஒரு திருப்பு, கூர்மூலை முன்னால் வந்துவிடும்.